கறுக்கும் குப்பி

சுற்றிலும் கடல் இருந்தாலும், குடிப்பதற்குக் கிணறும் ஓடையும் மழையுமே துணை. இதுவே பசிபிக் தீவுகள் பலவற்றின் நிலை. பிஜி, சாலமன் முதலிய தீவுகளில் சுற்றுச்சூழல் கல்வி புகட்டி வரும் தொண்டு நிறுவனம் 'லிவ் அண்ட் லேர்ன்'. அது 1992இல் தொடங்கப்பட்டது. அத்தீவுகளில் கிராமத்தாரும், நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளும் தாமே செய்து பார்க்கும் நீர்ச் சோதனை ஒன்றை இங்கே விளக்குகிறோம்.

சிறு குப்பிக்குள் மருந்தில் தோய்த்து உலர்த்திய தாள் இருக்கும். அதில் நீரை நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். மலத்தின் வழியாகக் கிருமிகள் கலந்திருந்தால் அவை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். (வேதியியல் கூடத்தில் நம்மை மூக்கைப் பொத்த வைக்கும் அதே அழுகிய முட்டை நாற்றந்தான்!) அது மருந்திலுள்ள இரும்புடன் சேர, நீர் கறுத்துவிடும். இம்முறையை 1982இல் உலகுக்கு அறிவித்தவர்கள் நம் நாட்டுக் குவாலியர் விஞ்ஞானிகள் என்பது நமக்குப் பெருமையன்றோ!

கண்ணாடி போல் தெளிந்த நீரும் கறுப்பதுண்டு. "காய்ச்சிக் குடியுங்கள்" என்று வெளியார் நூறு முறை சொல்வதைவிட, தம் கிணற்று நீர் தம் கண்ணெதிரே கறுப்பதே வலுவான பாடம் என்று நாங்கள் கருதுகிறோம். கழிப்பிடமும் பன்றிக் கொட்டிலும் கிணற்றுக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்ற கேள்வி அப்போதுதான் எழும். ஆனால், கறுக்காத நீரெல்லாம் நல்ல நீராகிவிடாது. உப்பையும் இரசாயனக் கலப்பையும் இக்குப்பி காட்டாது. அவற்றை அறிய வேறு சோதனைகள் வேண்டும்.