டிகிரி கையில், லேப்டாப்பில் இன்னும் 'ஸ்டூடன்ட் வெர்ஷன்'... சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பயன்படுத்தலாமா?

கடைசி செமஸ்டர் முடிஞ்சாச்சு. ஹாஸ்டல் ரூமையும் காலி பண்ணியாச்சு. கூடவே வீட்டுக்கு வந்த லேப்டாப்பில் ஆட்டோகேட், மேட்லேப், போட்டோஷாப் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கிளிக் செய்தால் திறக்கிறது. வேலையும் செய்கிறது.

இந்த நேரத்தில், சிவில் இன்ஜினியரிங் முடித்த ஒருவரிடம் சொந்தக்காரர் ஒருவர், "நம்ம வீட்டுக்கு ஒரு பிளான் போட்டுக் கொடுப்பா. சும்மா வேண்டாம், 8,000 ரூபாய் தர்றேன்" என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். கல்லூரி புராஜெக்ட்டுக்கு வரைந்த அதே ஆட்டோகேடில் இதையும் வரைந்து கொடுத்துவிடலாமா?

கூடாது. சாஃப்ட்வேர் தடுக்காது, ஆனால் லைசென்ஸ் தடுக்கிறது. ஏன், அடுத்து என்ன செய்யலாம் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

ஸ்டூடன்ட் லைசென்ஸ் என்பது தள்ளுபடி இல்லையா?

பலரும் நினைப்பது அப்படித்தான். பஸ் பாஸ் மாதிரி, மாணவர் என்பதால் அதே பொருளைக் குறைந்த விலையில் தருகிறார்கள் என்று. உண்மையில் இது வேறு ஒரு அனுமதி. மென்பொருள் ஒன்றாக இருந்தாலும், "படிக்கவும் கற்றுக்கொள்ளவும் மட்டும் பயன்படுத்தலாம், வணிக நோக்கத்துக்கு அல்ல" என்ற நிபந்தனையோடுதான் இது தரப்படுகிறது. இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலேயே 'ஐ அக்ரீ' கொடுத்தோமே, அந்த ஒப்பந்தத்தில் இருப்பது இதுதான். ஆட்டோடெஸ்க், மேத்வொர்க்ஸ், ஜெட்பிரெயின்ஸ் போன்ற நிறுவனங்களின் மாணவர் உரிமங்களில் இந்த நிபந்தனை தெளிவாகவே இருக்கிறது.

அப்படியானால் எப்போது முடிகிறது?

இங்கே இரண்டு கெடு இருக்கிறது. ஒன்று, காலண்டர் தேதி. ஆட்டோடெஸ்கின் கல்வி அனுமதி ஒரு வருடத்துக்குத் தரப்படும். ஒவ்வொரு வருடமும் மாணவர்தான் என்று நிரூபித்துப் புதுப்பிக்க வேண்டும். ஜெட்பிரெயின்ஸ் மாணவர் உரிமமும் அப்படித்தான். படிப்பு முடிந்த பிறகும் லைசென்ஸில் நாலைந்து மாதம் மிச்சம் இருக்கலாம். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது கெடு, பணம். அந்த மென்பொருளை வைத்து முதல் ரூபாய் வாங்கும் வேலையைத் தொடங்கும் நாளில், தேதி மிச்சம் இருந்தாலும் அனுமதி மிச்சம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், மூன்றாம் வருடம் படிக்கும்போதே காசு வாங்கிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து தருபவரும், லைசென்ஸ் அதற்கு இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆக, பட்டமளிப்பு விழா தேதியை விட முதல் வருமானத் தேதிதான் முக்கியம்.

பெயரில் 'ஸ்டூடன்ட்' இருந்தாலே எல்லாம் ஒன்றா?

இல்லை. புது லேப்டாப்புகளோடு சேர்ந்து வந்த 'ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்' 2019, 2021 பதிப்புகளுக்கு மாணவர் அடையாள அட்டையே தேவையில்லை. ஒருமுறை வாங்கினால் போதும், காலாவதியும் ஆகாது. ஆனால் அதுவும் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே, வணிகத்துக்கு அல்ல.

கல்லூரி மெயில் ஐடி மூலம் கிடைத்த மைக்ரோசாஃப்ட் 365 வேறு ரகம். அது உங்களுடையது அல்ல, கல்லூரியுடையது. நிர்வாகம் கணக்கை நிறுத்தினால் வேர்டு, எக்செல் ஃபைல்களைத் திறந்து பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம். திருத்தவோ புதிதாக உருவாக்கவோ முடியாது.

'யாருக்குத் தெரியப்போகுது?'

வரைபடமே சொல்லிவிடும். ஆட்டோகேடின் பழைய மாணவர் பதிப்புகளில் வரைந்ததை பிரின்ட் எடுத்தால், 'இது ஆட்டோடெஸ்க் கல்விப் பதிப்பில் தயாரானது' என்ற வரி தாளின் நான்கு பக்க ஓரங்களிலும் வந்து நிற்கும். அந்த ஃபைலில் இருந்து ஒரு சின்ன ஜன்னல் படத்தை எடுத்து, காசு கொடுத்து வாங்கிய ஆட்டோகேட் ஃபைலில் ஒட்டினால், அந்த ஃபைலுக்கும் முத்திரை தொற்றிக்கொள்ளும். பின்னாளில் வந்த பதிப்புகளில் ஆட்டோடெஸ்க் இந்த முத்திரையைக் கைவிட்டது. நிபந்தனையைக் கைவிடவில்லை.

மெக்கானிக்கல் மாணவர்கள் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸில், கல்விப் பதிப்பு என்ற வாட்டர்மார்க் வரைபடத்தில் வருகிறது. விஎஃப்எக்ஸ் துறையில் இருக்கும் ஹௌடினியின் இலவசப் பயிற்சிப் பதிப்பு, ஃபைலையே தனி வகையாகச் சேமிக்கிறது. அதை வணிகப் பதிப்பில் திறந்தால், அந்த வணிகப் பதிப்பே வணிகமற்ற நிலைக்கு இறங்கிவிடும்.

இது தவிர, இப்போதைய மென்பொருள்கள் பெரும்பாலும் இணையம் வழியாக லைசென்ஸைச் சரிபார்த்துக்கொண்டே இருப்பவை. எந்தக் கணக்கில் எந்த லைசென்ஸ் ஓடுகிறது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும்.

ஆஃபீஸிலேயே 'உன் லேப்டாப்பையே கொண்டு வா' என்றால்?

சின்ன நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் புதியவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இது. "காலேஜ்ல வாங்குன சாஃப்ட்வேர்தான் இருக்கே, அதுலயே பண்ணு" என்பார் முதலாளி. புதுசாகச் சேர்ந்தவருக்கு மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கும்.

ஆனால் அந்த லைசென்ஸ் இருப்பது உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐடியில். நிபந்தனையை மீறியவர் என்று முதலில் தெரியப்போவது உங்கள் கணக்குதான். வேலைக்கான மென்பொருளை வாங்கித் தருவது நிறுவனத்தின் செலவு. "என்னோடது படிப்புக்கான லைசென்ஸ் சார், கிளையன்ட் வேலைக்குப் பயன்படுத்தினா கம்பெனிக்கும் பிரச்சினை வரும்" என்று ஒரு மெயில் அனுப்பி வைப்பது நல்லது. வாயால் சொன்னது நிற்காது, எழுதியது நிற்கும்.

அப்கிரேடு செய்வது எப்படி?

'அப்கிரேடு' என்ற சொல்லைக் கேட்டால், பழைய லைசென்ஸை நீட்டி மேற்கொண்டு கொஞ்சம் பணம் கட்டினால் போதும் என்று தோன்றும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

• ஆட்டோகேட்: கல்விக் கணக்கு வணிகக் கணக்காக மாறாது. புதிதாகச் சந்தா எடுக்க வேண்டும். ஆண்டுச் சந்தா மட்டுமல்ல, மாதச் சந்தாவும் உண்டு. எப்போதாவது பயன்படுத்துவோருக்கு, பயன்படுத்தும் நாளுக்கு மட்டும் கணக்கிடும் 'ஃபிளெக்ஸ்' டோக்கன் முறையும் உண்டு. இருபரிமாண வரைபடம் மட்டும் போதும் என்றால், விலை குறைந்த ஆட்டோகேட் எல்டி இருக்கிறது.

• மேட்லேப்: மாணவர் உரிமம் படிப்போடு சரி. சொந்த ஆர்வத்துக்கு 'ஹோம்' உரிமம் வாங்கலாம். அதை வைத்தும் சம்பாதிக்கக் கூடாது. வேலைக்கு என்றால் வணிக உரிமம்தான்.

• ஜெட்பிரெயின்ஸ்: படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்களுக்கென்றே தனித் தள்ளுபடி வைத்திருக்கிறது. லைசென்ஸ் காலாவதியாவதற்கு முன்பே அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

• அடோபி: மாணவர் சலுகை விலையில் எடுத்த சந்தா, படிப்பு முடிந்த அன்றே நிற்பதில்லை. புதுப்பிக்கும்போது விலைதான் ஏறும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

ஆட்டோ டெபிட்... கவனம்!

அடோபியில் 'ஆண்டுத் திட்டம், மாதாமாதம் கட்டணம்' என்பதைத் தேர்வு செய்தவர்கள் அதை மாதச் சந்தா என்று நினைத்துவிடுவது உண்டு. அது ஒரு வருட ஒப்பந்தம். 14 நாட்களுக்குப் பிறகு நடுவில் ரத்து செய்தால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைக் கட்டணமாகக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூன் மாதம் அடோபி மீது வழக்கே தொடர்ந்தது.

நம்ம ஊரில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டு அல்லது யுபிஐ மூலம் தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஓடிபி போன்ற கூடுதல் ஒப்புதலும் தேவை. பேங்க் மெசேஜ்தானே என்று ஒதுக்கிவிடாமல் படித்தால், தேவையில்லாத சந்தாவை அந்த ஒரு நாளிலேயே நிறுத்திவிடலாம்.

முதல் சம்பளம் வரும்வரை என்ன செய்வது?

வணிக உரிமம் எல்லோராலும் உடனே வாங்க முடிகிற விலையில் இல்லை. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஆனால் சட்டப்படியே இலவசமாகச் சம்பாதிக்க வழிகள் உண்டு.

• வரைபடத்துக்கு லிப்ரேகேட், முப்பரிமாண வடிவமைப்புக்கு ஃப்ரீகேட்
• அனிமேஷனுக்கு பிளெண்டர்
• மேட்லேபுக்குப் பதில் ஆக்டேவ் அல்லது பைத்தான்
• டிசைனுக்கு கிம்ப், இங்க்ஸ்கேப்
• அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ்

இவை எல்லாம் திறந்த மூல மென்பொருள்கள். இவற்றை வைத்து எவ்வளவு சம்பாதித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு வகை, 'வளரும் வரை இலவசம்' என்ற ரகம். தனிநபர்கள் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி பதிப்பில் காசுக்கும் வேலை செய்து தரலாம். கேம் உருவாக்கும் யூனிட்டியின் பர்சனல் பதிப்பு, ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டும்வரை இலவசம்.

கிராக் வெர்ஷன் போட்டுக்கொண்டால்?

பலர் கடைசியில் போய் நிற்கும் இடம் இதுதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவு, சட்டவிரோத நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாகச் சொல்கிறது. குறைந்தது 7 நாட்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாப நோக்கமோ வியாபாரமோ இல்லை என்றால், நீதிமன்றம் சிறைத் தண்டனை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். அதாவது இங்கேயும் பிரித்துப் பார்க்கப்படுவது, அதை வைத்துச் சம்பாதித்தாரா இல்லையா என்பதுதான்.

இன்னொரு ஆபத்து, கிராக் ஃபைல் போடும்போது 'ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணுங்க' என்று கேட்பது. வாசல் காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பது மாதிரி. பேங்க் விவரம் இருக்கும் அதே லேப்டாப்பில் இதைச் செய்யலாமா என்று யோசிக்க வேண்டும்.

கல்லூரி மெயில் மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

லைசென்ஸ் போனால் புதிதாக வாங்கிவிடலாம். நாலு வருட உழைப்பு போனால் வாங்க முடியாது. எனவே:

1. கல்லூரி மெயில் ஐடியில் திறந்த எல்லாக் கணக்குகளையும் பட்டியல் போட்டு, சொந்த மெயில் ஐடிக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி பழைய மெயிலுக்குத்தான் போகும்.

2. கல்லூரி கூகுள் கணக்கு என்றால், 'டிரான்ஸ்ஃபர் யுவர் கன்டென்ட்' வசதி மூலம் டிரைவ், ஜிமெயில் இரண்டையும் சொந்தக் கணக்குக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஒன்டிரைவ் ஃபைல்களை டவுன்லோடு செய்து வையுங்கள்.

3. புராஜெக்ட் ஃபைல்களைப் பொதுவான வடிவத்திலும் சேமியுங்கள். ஆட்டோகேட் வரைபடத்தை டிஎக்ஸ்எஃப் ஆகவும், முப்பரிமாண மாடலை ஸ்டெப் ஃபைலாகவும், எல்லாவற்றையும் ஒரு பிடிஎஃப் ஆகவும். லைசென்ஸ் போன பிறகு திறக்கவே முடியாத ஃபைல், பூட்டிய பெட்டிதான்.

4. இன்டர்வியூவில் காட்டும் போர்ட்ஃபோலியோவில், அது படிக்கும்போது செய்தது என்று குறிப்பிடுங்கள். கற்றுக்கொள்ளச் செய்ததைக் காட்டுவது வேறு, விற்பது வேறு.

5. பழைய மாணவர் ஃபைலில் இருந்து வெட்டி, புது கிளையன்ட் ஃபைலில் ஒட்டாதீர்கள்.

சரி, அந்த 8,000 ரூபாய் பிளான்?

தாராளமாகப் போட்டுக் கொடுக்கலாம். லிப்ரேகேடில் வரையலாம், அல்லது ஆட்டோகேடுக்கு ஒரு மாதச் சந்தா எடுத்து வரையலாம். சந்தா எடுப்பதாக இருந்தால், அதன் விலையை முதலிலேயே பார்த்து, கூலி பேசும்போது அதையும் சேர்த்துப் பேச வேண்டும். கொத்தனார் கரணைக்கும், டெய்லர் மெஷினுக்கும் ஆகும் செலவையும் மனதில் வைத்துத்தானே கூலி சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் வேலை செய்பவருக்கு மென்பொருள்தான் கரணை. படிக்கும்வரை அது இரவல். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, அதன் விலையும் நீங்கள் கேட்கும் கூலிக்குள் இருக்க வேண்டும்.