கிட்டின் உள்ளே பார்த்தால் பயம் ஏன் போகிறது?

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளை, கணினி அறிவியல் மாணவர் பலர் நான்கைந்து கட்டளைகளாக மனப்பாடம் செய்கிறார்கள். சிக்கினால் பயந்து கோப்புறையையே அழித்துவிடுகிறார்கள். உள்ளே நடப்பது தெரிந்தால் இந்தப் பயம் வராது. ஒவ்வொரு கமிட்டும், அதாவது நாம் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும், திட்டத்தின் அந்நேரத்து முழு நிலையையும் முந்தைய கமிட்டின் அடையாளத்தையும் சேர்த்தே பதிகிறது. அந்த அடையாளம், வழக்கமாக ஷா-1 என்ற ஹாஷ் முறையில், உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 40 எழுத்துச் சரம். எனவே பழையதை ஓசைப்படாமல் திருத்த முடியாது. கிளையோ ஒரு கமிட்டைச் சுட்டும் சிறு குறிப்பு, அவ்வளவுதான். அதை அழித்தாலும் கமிட் உடனே மறையாது. கிளைகள் நகர்ந்த வரலாற்றைக் குறித்துவைக்கும் ரெஃப்லாக்கில் தேடி எடுக்கலாம்.

கிட்டை வகுப்பில் கற்பிக்க வேண்டியதில்லை, கருவிகள் மாறும், கோட்பாடே போதும் என்பார்கள் சிலர். இதே வேலைக்கான பழைய கருவிகளான சிவிஎஸ்ஸும் சப்வெர்ஷனும் பின்னுக்குப் போனது உண்மைதான். ஆனால் கிட்டின் உள்ளமைப்பே ஹாஷும் சுழற்சியற்ற வரைபடமும்தானே! வகுப்பில் கரும்பலகையில் வரைவதை மாணவர் தம் கணினியிலேயே பிரித்துப் பார்க்கலாம். 2020 ஜனவரியில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஷெல், எடிட்டர், கிட் போன்ற கருவிகளுக்கென்றே தனிப் பாடத்தொடர் நடந்தது. கோட்பாட்டுக்குப் பெயர்போன இடம்தான் அதுவும்.