சமூக ஊடகமும் மாணவர் தேர்ச்சியும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உருவெடுத்தது 2019 நவம்பரில். நான்கு மாதங்களில், 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் காரணமாகத் தமிழகப் பள்ளிகள் அடைக்கப்பட்டன. பாடங்கள் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும், ஆசிரியர்கள் அமைத்த வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் மாணவரைத் தேடிச் சென்றன. கருணாபுரம் போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளில், வீட்டிலிருக்கும் ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால் பிள்ளையின் பாடமும் உடன் சென்றுவிடும். கல்வராயன் மலைச் சிற்றூர்களிலோ கைப்பேசி இருந்தாலும் அலைவரிசை எட்டுவது அரிது.

கருவியும் இணைப்பும் கிடைத்துவிட்டால் மட்டும் கல்வி சிறந்துவிடுமா? சமூக ஊடகம் தேர்ச்சியை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா?

ஆய்வுகள் இதற்கு ஒரே விடை தரவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடையே கிர்ஷ்னர், கார்பின்ஸ்கி இருவரும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்புக் பயன்படுத்தியோரின் மதிப்பெண்ணும் படிப்பு நேரமும் குறைவாகக் காணப்பட்டன. 2012இல் ரேனல் ஜங்கோ இன்னும் நுணுகி ஆராய்ந்தார். பயனுள்ள இணைப்புகளைத் திரட்டிப் பகிர்ந்தோர் மதிப்பெண்ணில் மேம்பட்டிருந்தனர். தம் நிலையை அடிக்கடி அறிவித்துக்கொண்டிருந்தோர் பின்தங்கியிருந்தனர். இவை தொடர்பைக் காட்டுவனவேயன்றிக் காரணத்தை நிறுவுவன அல்ல. எனினும், ஊடகத்தைவிட அதனைக் கையாளும் முறையே கருதத்தக்கது என்பது இவற்றால் புலனாகிறது.

இதன் உட்பொருளை நினைவாற்றல் குறித்த ஆய்வு விளக்குகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் ஆகியோர் ஒரு சாராரைப் பாடத்தைத் திரும்பப் படிக்கச் செய்தனர். மறு சாராரை நூலைப் பாராது நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது முன்னவரும், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது பின்னவரும் சிறந்து விளங்கினர். குழுவில் வந்து குவியும் காணொளிகளைப் பார்த்து, கட்டைவிரல் குறியிட்டு நகரும் மாணவன் முதற் சாராரைச் சேர்ந்தவன். பாடம் தன்னிடம் இருப்பதையே தான் கற்றுவிட்டதாக அவன் எண்ணிக்கொள்கிறான். அறிவிப்பு மணிகள் வேறு அவன் கவனத்தைக் குலைக்கின்றன. சிதறிய கவனம் மீள 20 நிமிடம் வரை ஆகலாம் என்கிறது யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை.

தமிழகத்தின் பட்டறிவும் இதற்கு அரணாகிறது. நம் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 சிறாரை அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆராய்ந்தனர். பள்ளி அடைப்பால் கணக்கில் ஏற்பட்ட இழப்பு, மொழியில் ஏற்பட்டதைப்போல் இரு மடங்காக இருந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடாயிற்று. அம்மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’யின் பயன். உள்ளூர்த் தன்னார்வலர் மாலையில் சிறாரைக் கூட்டி அமர்த்தி, படிக்கச் சொல்லிக் கேட்டு, பிழை திருத்திய எளிய திட்டம் அது.

ஆகவே கற்றல் குழு நடத்துவோர், அனுப்பிய பாடங்களை எண்ணுவதை விடுத்து, மாணவரிடமிருந்து திரும்பி வந்த விடைகளை எண்ணுவது நன்று. நாளுக்கு ஒரு வினா, மாணவன் தன் சொல்லில் எழுதும் விடை, அதைத் திருத்தும் ஓர் ஆசிரியர்: இம்மூன்றும் அமைந்தால் கைப்பேசியும் கல்விக் கருவியாகும். அலைவரிசை எட்டாத மலையூரில் ஒரு மரத்தடியும் ஒரு தன்னார்வலரும் இருந்தால் அதே பயன் விளையும்.