சிறுநீரகம் தளர்ந்தால் கல்லீரல்

தென்காசிப் பக்கத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டதாகத் தெரிந்தால், பார்க்க வரும் உறவினர் அமர்ந்ததும் முதலில் கேட்பது, "உப்பு எவ்வளவு காட்டுது?" என்பதுதான். யூரியா, கிரியேட்டினின் என்று சோதனைச் சீட்டில் அச்சாகியிருக்கும் எண்களையே அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அவ்விரண்டில் யூரியா சிறுநீரகத்தில் உற்பத்தியாவதன்று, கல்லீரலில் உற்பத்தியாவது என்பதையும், சிறுநீரகம் தளரத் தளரக் கல்லீரலின் காரியங்களும் தடுமாறத் தொடங்குகின்றன என்பதையும் நோயாளிக்கு எடுத்துச் சொல்வார் அரியர்.

நாம் உண்ணும் பருப்பும் மீனும் முட்டையும் குடலில் ஜீரணமாகி, அமினோ அமிலங்கள் என்னும் நுண்ணிய அம்சங்களாகப் பிரிந்து, ரத்தத்தில் கலந்து முதன்முதலாகச் சென்று சேரும் ஸ்தானம் கல்லீரலே. எதைச் சரீர வளர்ச்சிக்கு அனுப்புவது, எதைச் சர்க்கரையாக்குவது என்று பிரித்துவிட்டு, மிஞ்சியவற்றிலிருந்து பிறக்கும் அம்மோனியா என்னும் விஷத்தை, அவ்வளவு தீங்கில்லாத யூரியாவாக மாற்றி அது சிறுநீரகத்திடம் ஒப்படைக்கிறது. இந்தச் சுழற்சியை 1932-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸெலைட்டும் எலியின் ஈரல் துண்டுகளைக் கொண்டு கண்டறிந்தனர்.

சிறுநீரகமோ வெறும் வடிகட்டி அன்று. பினைலாலனைன் என்னும் அமினோ அமிலத்தை டைரோசினாக மாற்றும் தொழிலில் கல்லீரலோடு கணிசமான பங்கை ஏற்பதும், குடலிலிருந்து வரும் சிட்ருலினை ஆர்ஜினினாக்கித் தேகமெங்கும் வழங்குவதும் அதுவே. ஆகையால் அது நலிந்தபின் ரத்தத்தில் டைரோசின் குறைகிறது, சிட்ருலின் தேங்குகிறது. போதாக்குறைக்கு, வெளியேற வேண்டிய அமிலமும் உடலிலேயே தங்கிவிடுவதால் தசைகள் கரைய, அவ்வாறு கரைந்து வந்த அமினோ அமிலங்களைக் கல்லீரல் சர்க்கரையாகவும் மேலும் யூரியாவாகவும் ஆக்குகிறது. உள்ளே ஓயாது கனலும் அழற்சியின் காரணமாக, அல்புமின் என்னும் அத்தியாவசியப் புரதத்தை ஆக்குவதைக் குறைத்துக்கொண்டு, அழற்சிக்குரிய வேறு புரதங்களை ஆக்குவதில் அது முனைகிறது. வேளைக்குச் சோறு உண்டும் நோயாளி இளைத்துக்கொண்டே போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எனக்கு மிகுந்த வியப்பளிப்பது டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்தின் கதை. அதில் ஒரு பகுதியைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் இண்டோலாகச் சிதைக்கின்றன. கல்லீரல் அதனை இண்டாக்சில் சல்பேட்டாக மாற்றிச் சிறுநீரில் கழிவதற்குத் தோதாக்கி அனுப்புகிறது. கழிக்கும் வழி அடைபட்டபின்னும் கல்லீரல் தன் தர்மத்தைக் கைவிடுவதில்லை. அப்பொருள் ரத்தத்தில் பெருகி, ரத்தக் குழாய்களையும் எஞ்சிய சிறுநீரகத்தையும் வருத்துகிறது. அல்புமினைப் பற்றிக்கொண்டே சஞ்சரிப்பதால் டயாலிசிஸிலும் எளிதில் நீங்குவதில்லை.

குற்றாலத்துக்கு வருவோர்க்கு இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. சாரல் காலத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கும் பழக்கடைகளில், ஐந்து விளிம்புகளோடு மஞ்சள் நிறமாய், குறுக்கே அரிந்தால் நட்சத்திர வடிவம் காட்டும் புளிப்புப் பழம் ஒன்றும் உண்டு. ஸ்டார் ஃப்ரூட் எனப்படும் அதிலுள்ள கேரம்பாக்சின் என்னும் நஞ்சு, பினைலாலனைனை ஒத்த அமைப்புடைய ஓர் அமினோ அமிலம் என்று 2013-இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் கண்டனர். நல்ல சிறுநீரகம் அதைக் கழித்துவிடும். பழுதுற்றவர்க்கோ நிற்காத விக்கலில் தொடங்கி, புத்தி தடுமாறி, வலிப்பு வந்து, மரணத்திலும் முடியக்கூடும். கடைக்காரர் ஆசையோடு நீட்டும் ஒரு துண்டையும் அவர்கள் மறுத்துவிட வேண்டும்.

நாற்று நடுவோரும் பீடி சுற்றுவோரும் இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லவை என்பதை ஊர்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் வந்தபின் பருப்பையும் மீனையும் அறவே விலக்கி, கஞ்சியே கதியென்று கிடப்பதும் பெருந்தவறு என்பது என் திடமான அபிப்பிராயம். டயாலிசிஸுக்கு முந்திய நிலையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை புரதம் போதும் என்று மருத்துவர் அளவு கட்டுவர். டயாலிசிஸ் தொடங்கியபின் அந்த அளவு 1 முதல் 1.2 கிராமாக உயர்கிறது. இந்த மாற்றத்தை அறியாமல் பழைய பத்தியத்தையே தொடர்ந்து மெலிவோர் பலர். ஆகவே உப்பின் எண்ணை விசாரிக்கும்போதே அல்புமினின் எண்ணையும் விசாரிப்பது நலம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸுக்கான பைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பைகளிலிருந்து வயிற்றுக்குள் சென்று திரும்பும் நீரோடு நாள்தோறும் 5 கிராமுக்கு மேலும் புரதம் வெளியேறிவிடலாம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது ஏறத்தாழ மூன்றரை கிராம்.