சுருங்காமல் உலரும் பாசிப் படலம்

கடற்பாசியின் ஆல்ஜினேட், ஆரஞ்சுத் தோலின் பெக்டின், மரக்கூழின் செல்லுலோஸ் ஆகியவற்றை நுண்துளைப் படலமாக்கி, துளைகளுக்குள் மருந்தை ஏற்றலாம். புண்ணின் மேல் ஒட்டலாம், மாத்திரையாக விழுங்கவும் செய்யலாம். இதில் பெரிய இடைஞ்சல், படலத்தை உலர்த்துவதுதான்.

ஆல்ஜினேட் கரைசலை மெல்லிதாக ஊற்றிக் கால்சியம் குளோரைடு சேர்த்தால் ஜெல்லாக இறுகும். அதில் பெரும்பங்கு தண்ணீர். சாதாரணமாகக் காயவைத்தால், வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுக்கும். வெயிலில் போட்ட வற்றலாகப் படலம் சுருங்கும். துளைகள் அடைபட்டால் மருந்துக்கு இடமேது?

அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் 1931இல் வழி காட்டினார். குறிப்பிட்ட வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே மறைந்துவிடும். இதுவே மீமாறுநிலை. அங்கே பரப்பும் இல்லை, இழுவிசையும் இல்லை. எத்தனால் என்ற ஆல்கஹாலை இந்த நிலைக்குக் கொண்டுவர 240 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கார்பன் டை ஆக்சைடுக்கோ 31 டிகிரியும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்கும் போதும். சூடு தாங்காத மருந்துகளுக்கு இது பெரிய வரம்.

தண்ணீரோடு கார்பன் டை ஆக்சைடு எளிதில் கலக்காது. அதனால் ஜெல்லின் நீரை முதலில் எத்தனாலால் மாற்றுகிறார்கள். உயரழுத்தக் கலனில் கார்பன் டை ஆக்சைடு அந்த எத்தனாலைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அழுத்தத்தைக் குறைத்ததும் அதுவும் வாயுவாகிப் பறந்துவிடும். ஒரு கிராம் படலத்தின் உட்பரப்பு சில நூறு சதுர மீட்டர் வரை இருக்கக்கூடும்.

மருந்தை ஏற்றவும் அதே கலன் உதவும். இபுபுரோஃபென், கீட்டோபுரோஃபென் போன்ற மருந்துகள் மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடில் கரைந்து துளைகளுக்குள் புகும். குறுகிய துளைக்குள் படிகமாக வளர இடமில்லாததால், நீரில் எளிதில் கரையாத மருந்தும் விரைவாகக் கரையும்.

எஞ்சும் கரைப்பான் பற்றிய கவலையும் குறைகிறது. டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் மருந்தில் பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது சர்வதேச வரையறை. இங்கே பயன்படும் எத்தனாலுக்கோ 5,000 பங்கு வரை அனுமதி உண்டு.

குறைகளும் உண்டு. ஈரம் பட்டதும் படலம் ஊறித் துளைகள் சிதைவதால், மருந்து வேகமாக வெளியேறிவிடும். மெல்ல வெளிவர மேற்பூச்சு தேவை. உயரழுத்தக் கலன்களின் விலையும் அதிகம்.

மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி, பல பத்தாண்டுகளாக அகர், ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போகிறது. மூலப்பொருள் நம் கரையிலேயே இருக்கிறது. பல ஆய்வகங்கள் பகிர்ந்துகொள்ளும் உயரழுத்தக் கூடம் ஒன்றை அரசு அமைத்துக் கொடுத்தால், அந்தப் பாசி மருந்தாகவும் மதிப்புப் பெறும்; அதன் பலனில் மூழ்கி எடுத்தவர்களுக்கும் உரிய பங்கு சேர வேண்டும்.