பனிப்பாதையில் ஒரு பாரத வீரர்

நாயுடுபேட்டை வெயிலில் வாழும் நம்மவர்க்குப் பனிக்கட்டி என்றால் நன்னாரி சர்பத்தில் மிதப்பதுதான். அப்பனிக்கட்டியையே பாதையாகக் கொண்ட விளையாட்டும் உண்டு, நேயர்களே! 'லூஜ்' எனப்படும் அது, 1964ஆம் ஆண்டில் குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்க்கப்பெற்றது. வீரர் சிறு சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, வளைந்திறங்கும் பாதையில் மணிக்கு 130 கிலோமீட்டரினும் மிக்க வேகத்தில் விரைகிறார். வண்டிக்குப் பிரேக் கிடையாது. கெண்டைக்காலின் அழுத்தமும் தோளின் அசைவுமே அதனைத் திருப்புவன. ஒலிம்பிக்கின் ஒற்றையர் பிரிவில் நான்கு ஓட்டங்களின் நேரத்தைக் கூட்டி, விநாடியின் ஆயிரத்திலொரு பங்குவரை கணக்கிட்டு வெற்றியை முடிவு செய்வர்.

இப்போட்டியில் பாரதத்தின் பெயரை நிலைநாட்டியவர் சிவ கேசவன். அவருடைய தந்தையார் கேரளத்திலிருந்து சென்று இமாசலத்தில் குடியேறியவர். மணாலி அருகே வளர்ந்த மகனுக்குப் பயிற்சிக்கெனப் பனிப்பாதை இல்லை. ஆகவே வண்டியில் சக்கரங்களைப் பூட்டி, லாரிகள் ஓடும் மலைச்சாலைகளிலே பழகினார். 1998இல், 16ஆம் வயதில், நாகானோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 2011இல் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். 2014இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தமையால், சோச்சி நகரில் நாட்டுக்கொடியின்றியே போட்டியிட நேர்ந்தது. எனினும் அவர் விலகவில்லை. 2018இல் தமது ஆறாம் ஒலிம்பிக்கில் மூவர்ணக்கொடியின் கீழ் மீண்டும் சறுக்கினார்.

ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், குடியேறிய மண்ணில் கிடைத்த சாலையையே களமாக்கிக்கொண்ட அவருடைய முயற்சி, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு நன்கு விளங்கக்கூடியதே.