ஹெசரகட்டா புல்வெளிக்கு வரும் குளிர்கால விருந்தாளிகள்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மஃப்ளரும் ஸ்வெட்டரும் இல்லாமல் வெளியே தலை காட்ட முடியாத பெங்களூர்க் குளிர். விடிந்தும் விடியாத அந்த வேளையில், யஷ்வந்த்பூர் பக்கமிருந்து வரும் பஸ்ஸில் கழுத்தில் பைனாகுலர் தொங்க நாலைந்து பேர் ஹெசரகட்டாவில் இறங்கினால், அவர்கள் வந்த காரியம் ஊர்க்காரர்களுக்குக் கேட்காமலே தெரியும். பறவை பார்க்க!

ஹெசரகட்டா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஏரி. அர்க்காவதி ஆற்றை மறித்து 1890-களில் கட்டிய இந்த ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது பழைய கதை. பைனாகுலர்காரர்களோ ஏரியோடு நிற்பதில்லை. பக்கத்தில் பரந்து கிடக்கும் புல்வெளிக்கு நடக்கிறார்கள்.

முதலில் பார்ப்பவருக்கு அது வெறும் பொட்டல். முழங்கால் உயரக் காய்ந்த புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்செடி. வெயில் ஏறியதும் காட்சி மாறுகிறது. புல்லிலிருந்து வானம்பாடி செங்குத்தாக எழும்பிப் பாடுகிறது. முள் நுனியில் கீச்சான் காத்திருக்கிறது. திடீரென்று, "அதோ!" என்று ஒரு குரல். சிறகை 'வி' எழுத்துப் போல் தூக்கிப் பிடித்தபடி, புல்லை உரசுவதுபோல் தாழப் பறந்து வருகிறது பூனைப்பருந்து. வெட்டுக்கிளியும் எலியும் இதற்கு இரை. மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து பனிக்குப் பயந்து வரும் இதன் கூட்டத்தாரை நம் நெல்லைச் சீமையிலும் இந்தப் பருவத்தில் காணலாம்.

மரம் நட்டால்?

"சும்மா கிடக்கும் நிலம்தானே, மரம் நட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பூனைப்பருந்து மரத்தில் தங்குவதில்லை. புல்லுக்குள் தரையில்தான் உறங்குகிறது. வானம்பாடி கூடு கட்டுவதும் தரையில்தான். இங்கே தோப்பு வந்தால் இவற்றுக்கு வீடு போச்சு.

திரைப்பட நகருக்கும் ஒரு காலத்தில் இங்கே இடம் பார்த்தார்கள். புல்வெளியைப் பாதுகாப்புப் பகுதியாக்கும் யோசனையை 2021 ஜனவரியில் தள்ளிவிட்ட மாநில வனவிலங்கு வாரியம், 2024 அக்டோபரில் அதற்கே ஒப்புதல் தந்தது. பரப்பு 5,600 ஏக்கருக்கு மேல். மூன்றே முக்கால் வருஷம் பிடித்தது இந்த மனமாற்றத்துக்கு!

பொழுது சாய்கிறது. பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து வட்டமிட்டுப் புல்லுக்குள் இறங்குகின்றன. இறங்கிய இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பைனாகுலர்களை உறையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நடக்கிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை, எல்லோருக்கும் ஆபீஸ்.